வீட்டுத் தார்ப்பாதையைச் சுரண்டும் முன் ஆழம் பாருங்கள்

எங்கள் வீட்டு வண்டிப் பாதைக்குப் புதுத் தார் போட்ட அன்று அதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் வாசலில் நின்றேன். கருகருவென்று, ஒரு விரிசல்கூட இல்லாமல், அழகாக இருந்தது. அடுத்து வந்த முதல் பெருமழையில் கார் ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையில் அடுக்கி வைத்திருந்த அட்டைப் பெட்டிகள் அடியில் ஊறிக் குழைந்துவிட்டன. காரணத்தைக் கண்டுபிடிக்க ஓர் அளவுகோலே போதுமாக இருந்தது. ஷெட்டின் தரை பழைய பாதையைவிட 3 சென்டிமீட்டர் உயரம். பழைய தாரின் மேல் புதிதாக ஏற்றிய அடுக்கோ 4 சென்டிமீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டரில் தண்ணீருக்கு வழி பிறந்துவிட்டது.

புது அடுக்குப் போடுவதற்கு முன் பழைய தாரில் 4 சென்டிமீட்டரைச் சுரண்டி எடுத்திருந்தால் பாதை பழைய மட்டத்திலேயே நின்றிருக்கும். அப்படிச் சுரண்டும் வேலைக்குத்தான் மில்லிங் என்று பெயர். பிறகு அதே பாதையை மில்லிங் செய்து சரிப்படுத்த வேண்டி வந்தபோது, அந்த வேலையிலும் கால் இடற எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டேன். வீட்டுக்காரர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, கண்ணுக்குத் தெரியும் கறுப்பு மேற்பரப்பையே பாதை என்று நம்புவதால் வருகின்றன. தாரின் தடிமன் எவ்வளவு, அதற்குக் கீழே அடித்தளம் உறுதியாக இருக்கிறதா, மேலே விழும் தண்ணீர் எங்கே போகிறது என்ற மூன்றும் தெரியாமல் யாரும் இயந்திரத்தை வரவழைக்கக் கூடாது.

பாதைக்குள் என்ன இருக்கிறது

வீட்டு வண்டிப் பாதை என்பது இரண்டு மூன்று அடுக்குகளால் ஆனது. எல்லாவற்றுக்கும் அடியில் கெட்டிப்படுத்திய மண். அதன் மேல் உடைத்த ஜல்லியைப் பரப்பி ரோலரால் அழுத்திய அடித்தளம். இது பெரும்பாலும் 100 முதல் 200 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதற்கு மேலேதான் நாம் பார்க்கும் தார்க்கலவை. வீட்டுப் பாதைகளில் இதன் தடிமன் வழக்கமாக 50 முதல் 75 மில்லிமீட்டர். இந்தக் கலவையிலும் எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் கல்லும் மணலும்தான். மீதி 5 சதவீதம் அவற்றை ஒட்டிப் பிடிக்கும் பிடுமன்.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது முக்கியமாக அடித்தளம். தார் அடுக்கு அந்தப் பாரத்தைப் பரப்பி இறக்குகிறது, மழைநீர் அடித்தளத்துக்குள் போகாமல் மூடி வைக்கிறது. இந்த வேலைப் பங்கீடு மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

மில்லிங் இயந்திரத்தின் வயிற்றில் ஓர் இரும்பு உருளை சுழல்கிறது. அதைச் சுற்றிலும் டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த பற்கள் வரிசையாக இருக்கும். உருளையை எவ்வளவு இறக்குகிறார்களோ அவ்வளவு ஆழத்துக்குத் தாரை அது கொத்திப் பெயர்த்துத் துகளாக்கும். பற்கள் சூடாகாமலும் தூசி கிளம்பாமலும் இருக்கத் தண்ணீர் பீய்ச்சுவார்கள். பெரிய இயந்திரங்களில் பெயர்ந்த துகள் ஒரு பட்டையில் ஏறி நேராக லாரியில் விழும். வீட்டுப் பாதைக்கு வருவது பெரும்பாலும் சிறிய இயந்திரம். துகளைத் தனியாக அள்ள வேண்டியிருக்கும். இயந்திரம் போன பிறகு தரை வழவழப்பாக இருக்காது, சீப்பு இழுத்த ஈரமண் போல வரிவரியாக இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். புது அடுக்கு பிடித்து நிற்பதற்கு அந்த வரிகள் உதவுகின்றன.

விரிசலைப் படிக்கத் தெரியாமல் முடிவெடுப்பது

முதல் தவறு, மில்லிங் தீர்க்கும் நோயா என்று பார்க்காமலேயே மில்லிங் செய்வது. பாதை பழையதாகத் தெரிகிறது, விரிசல் விட்டிருக்கிறது, சுரண்டிப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். எந்த வகை விரிசல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நடந்து பாருங்கள். நிறம் வெளுத்து, மேலே சிறு கற்கள் துருத்திக்கொண்டிருந்தால் அது வெயிலாலும் வயதாலும் பிடுமன் காய்ந்துபோனதன் அடையாளம். நோய் தோலோடு நிற்கிறது. மில்லிங் அதைத் தீர்க்கும். அங்கங்கே தனித்தனிக் கோடாக, ஒன்றோடொன்று சேராமல் ஓடும் விரிசல்கள் இருந்தால், அவை எவ்வளவு ஆழம் போகின்றன என்று ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்க்கலாம். மேல் அடுக்கோடு நிற்பவை சுரண்டும்போதே போய்விடும். அடிவரை போகும் விரிசலை அப்படியே விட்டு மேலே புது அடுக்குப் போட்டால், அடியில் இருக்கும் பிளவு நாளடைவில் அதே கோட்டில் மேலே எழுந்து வரும். ஆகவே சுரண்டிய பிறகும் தெரிகிற விரிசல்களைத் துப்புரவாக்கி அடைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு போக வேண்டும்.

அச்சம் தர வேண்டியது மூன்றாவது வகை. சிறு சிறு கட்டங்களாக, வலை பின்னியது போல, முதலையின் முதுகுத் தோலை ஒத்த விரிசல். கார்ச் சக்கரம் வழக்கமாக ஓடும் இரண்டு தடங்களில்தான் இது பெரும்பாலும் தோன்றும். கட்டங்களில் ஒன்றை விரலால் நெம்பினால் பல் போல ஆடும். மழை பெய்த மறுநாள் அந்த இடத்தில் காரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். விரிசல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் பிதுங்கி வந்தால் அடித்தளம் நனைந்து இளகிவிட்டது என்று பொருள். பாரம் ஏறும்போதெல்லாம் தார் கீழே வளைந்து வளைந்து களைத்துப்போய் உடைந்திருக்கிறது. அதன் மேல்தோலைச் சுரண்டிப் புதுத்தோல் போர்த்தினால் புதுத்தோலும் அதே போல் வளையும், அதே போல் உடையும். அந்தப் பகுதியை அடித்தளத்தோடு தோண்டி எடுத்து, புது ஜல்லி இட்டு, அழுத்தி, பிறகு தார் போடுவதே வழி. பாதையில் ஓரிரு இடத்தில் மட்டும் இப்படி இருந்தால் அவற்றை மட்டும் தோண்டிச் சீர்செய்துவிட்டு மற்ற இடங்களில் மில்லிங் செய்யலாம். பாதிக்குமேல் இப்படி இருந்தால் மில்லிங்குக்குச் செலவழிக்கும் பணம் முழுவதும் வீண்.

இதற்கு எதிர்த்திசைத் தவறும் உண்டு. வெறும் நிற வெளுப்புக்கும் இரண்டு மெல்லிய விரிசலுக்கும் இயந்திரத்தை வரவழைப்பவர்கள் இருக்கிறார்கள். விரிசலை அடைத்து மேலே பாதுகாப்புப் பூச்சு பூசினாலே அந்தப் பாதை இன்னும் பல ஆண்டு உழைக்கும். பாதையின் மட்டம் ஷெட் தரையைவிடவும் தெருவை ஒட்டிய நடைபாதையைவிடவும் போதிய தாழ்வில் இருந்தால், சுரண்டாமலே மேலே ஓர் அடுக்குப் போட்டுக்கொள்ளவும் செய்யலாம். நான் செய்த பிழை, அந்தத் தாழ்வு எவ்வளவு என்று அளக்காமல் விட்டது.

தடிமன் தெரியாமல் ஆழம் சொல்வது

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். மில்லிங்கில் இது வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

ஒரு கணக்குப் பார்ப்போம். உங்கள் பாதையில் தார் 75 மில்லிமீட்டர் இருக்கிறது. 40 மில்லிமீட்டர் சுரண்டினால் மீதி 35. அந்த 35 மில்லிமீட்டர் இயந்திரத்தின் எடையையும் அடுத்து வரும் லாரியின் எடையையும் ஒருவாறு தாங்கும். அதன் மேல் 40 மில்லிமீட்டர் புதிதாகப் போட்டால் பழைய தடிமன் திரும்பிவிடும். அதே 40 மில்லிமீட்டரை 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாதையில் சுரண்டுங்கள். மிஞ்சுவது 10 மில்லிமீட்டர், அதாவது ஒரு ஜல்லியின் பருமன். இயந்திரம் அங்கேயே அதைப் பாளம் பாளமாகப் பெயர்த்துவிடும். பெயராமல் தப்பிய இடங்கள் லாரிச் சக்கரத்தில் நொறுங்கும். அந்த நொறுங்கிய சில்லுகளின் மேல் புதுத் தாரைப் போட்டால் அதற்குப் பிடிமானம் ஏது? சுரண்டிய பின் குறைந்தது 25 மில்லிமீட்டராவது உறுதியான தார் மிஞ்ச வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு. 40 மிஞ்சினால் நிம்மதி. அவ்வளவு மிஞ்சாது என்றால் மில்லிங் பேச்சை விட்டுவிட்டுத் தாரை முழுவதுமாக எடுத்துவிட்டு அடித்தளத்திலிருந்து தொடங்குவதே நேர்மையான வேலை.

இருக்கும் தடிமன் எப்படித் தெரியும்? பாதையின் ஓரத்தைப் பார்த்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஓரத்தில் தார் வழிந்து தடித்தோ, மெலிந்து சரிந்தோ இருக்கும். நடுவில் வேறாக இருக்கும். துளையிட்டுப் பார்ப்பதுதான் வழி. வட்டமாக அறுக்கும் துளைக்கருவியால் உருளை வடிவத்தில் ஒரு துண்டை எடுத்தால் அடுக்குகள் கேக்கின் வரிகள் போலத் தெளிவாகத் தெரியும். அந்தக் கருவி இல்லையென்றால் சாதாரணத் துளைக்கருவியால் ஜல்லி தட்டுப்படும்வரை துளைத்து, கம்பியை விட்டு அளந்துகொள்ளலாம். ஒரே இடத்தில் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. ஷெட் வாசலில் ஒன்று, நடுவில் சக்கரத் தடத்தில் ஒன்று, தெரு முனையில் ஒன்று என்று குறைந்தது மூன்று துளைகள் வேண்டும். எங்கள் பாதையில் ஒரு முனையில் 90 மில்லிமீட்டரும் மறுமுனையில் 55 மில்லிமீட்டரும் இருந்தன. எல்லா இடத்துக்கும் ஒரே ஆழம் என்று சொல்லியிருந்தால் பாதிப் பாதை பெயர்ந்திருக்கும். அளந்த பிறகு அந்தத் துளைகளை அடைக்க மறந்துவிடாதீர்கள். தண்ணீர் இறங்க அவை வசதியான வாய்.

துளையிடும்போது வேறு சிலவும் வெளிப்படலாம். சில பழைய பாதைகளில் தாருக்கு அடியில் கான்கிரீட் தளம் இருக்கும். சிலவற்றில் விரிசல் மேலே எழாமல் தடுக்க இரண்டு அடுக்குகளுக்கு நடுவே செயற்கை இழைத் துணி விரித்திருப்பார்கள். அந்தத் துணி உருளையில் சுற்றிக்கொண்டால் வேலை நின்றுவிடும். இவை முன்பே தெரிந்தால் ஒப்பந்ததாரர் அதற்கேற்ற ஆழத்தை வைத்துக்கொள்வார்.

தண்ணீரைக் கேட்காமல் மட்டம் முடிவு செய்வது

மில்லிங் செய்தால் பள்ளம் மேடெல்லாம் தானாகச் சமமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி ஆகாது. பாதை முழுவதும் 40 மில்லிமீட்டர் என்று இயந்திரத்துக்கு ஆழம் வைத்துவிட்டால், இருக்கும் மேற்பரப்பைப் பின்பற்றியே அது போகும். சிறு ஏற்ற இறக்கங்கள் மட்டுப்படலாம். பழைய பாதையில் நீளமான தாழ்வு இருந்தால் சுரண்டிய பாதையிலும் அது 40 மில்லிமீட்டர் கீழே அப்படியே இருக்கும். அதன் மேல் சமத் தடிமனில் தார் போட்டால் குளம் பழைய இடத்திலேயே திரும்பி வரும். வாட்டத்தை, அதாவது தண்ணீர் ஓடும் சரிவை, திருத்த வேண்டுமானால் எங்கே அதிகம் சுரண்ட வேண்டும், எங்கே குறைவாகச் சுரண்ட வேண்டும், எங்கே புதுக்கலவையைக் கொஞ்சம் தடிமனாகப் போட வேண்டும் என்று இடத்துக்கு இடம் முன்கூட்டியே குறித்துக் கொடுக்க வேண்டும்.

இதற்கு நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. நல்ல மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து, கையில் சாக்குக்கட்டியோடு பாதையில் இறங்குங்கள். தண்ணீர் இன்னும் தேங்கியிருக்கும் ஒவ்வொரு இடத்தையும் சுற்றிக் கோடு போடுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் அளவுகோலை நிறுத்தி ஆழத்தைப் பக்கத்திலேயே எழுதுங்கள். பிறகு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மழை இல்லாத காலம் என்றால் குழாயைத் திறந்துவிட்டு மேல் முனையிலிருந்து தண்ணீர் ஓடவிட்டால் போதும். எந்த ஒப்பந்ததாரரிடமும் காட்டுவதற்கு அந்தப் படத்தைவிடத் தெளிவான வரைபடம் கிடையாது.

அடுத்து வாட்டத்தை அளக்க வேண்டும். தார்ப்பாதைக்கு 2 சதவீத வாட்டம் நல்லது. அதாவது ஒரு மீட்டர் நீளத்துக்கு 2 சென்டிமீட்டர் இறக்கம். 12 மீட்டர் நீளமுள்ள பாதை என்றால் ஷெட் வாசலுக்கும் தெரு முனைக்கும் இடையே 24 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். ஷெட் வாசலில் ஓர் ஆணி, தெரு முனையில் ஒரு குச்சி. இரண்டுக்கும் நடுவே நூலை இழுத்துக் கட்டி, தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயால் இரு முனைகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி செய்யுங்கள். நூலிலிருந்து தரைவரை இரண்டு மீட்டருக்கு ஒருமுறை அளந்து எழுதிக்கொண்டே போனால், பாதை எங்கே சரியாக இறங்குகிறது, எங்கே தயங்கி நிற்கிறது, எங்கே திரும்பி ஏறுகிறது என்று எண்களே சொல்லிவிடும். அரை மணி நேர வேலை. நிலத்தின் அமைப்பே வீட்டை நோக்கிச் சரிகிறது என்றால், ஷெட் வாசலுக்கு முன்னால் குறுக்கே ஒரு வடிகால் இல்லாமல் எந்த மில்லிங்கும் உங்களைக் காப்பாற்றாது. அந்த வடிகாலை அமைக்க வேண்டிய வேளை புதுத் தாருக்கு முன்பு. புதுத் தாரை அறுத்து வைப்பது பார்க்கவே மனம் பொறுக்காத காட்சி.

ஓரங்களும் முனைகளும்

புது அடுக்கு பழைய தரையைத் தொடும் இடங்கள்தான் முதலில் உடைகின்றன. ஷெட்டின் கான்கிரீட் விளிம்பிலும் தெருவை ஒட்டிய நடைபாதை விளிம்பிலும் புதுத் தாரை மெலிய மெலிய இழைத்து விட்டுவிடுவது சிலரின் வழக்கம். கத்தி முனை போல மெலிந்த தாருக்கு உயிர் கிடையாது; ஒரு பருவத்துக்குள் உதிரத் தொடங்கிவிடும். அந்த இடங்களில் பழைய தாரைச் செங்குத்தாக வெட்டி ஒரு படி போல இறக்கினால், புது அடுக்கு முழுத் தடிமனோடு வந்து விளிம்பில் முட்டி நிற்கும். மேலே தடவினால் இணைப்பு விரலுக்குத் தட்டுப்படக் கூடாது.

இயந்திரத்தின் உருளையால் சுவரை ஒட்டிச் சுரண்ட முடியாது என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். சுவர், தூண், மூடி போட்ட குழிகள் ஆகியவற்றைச் சுற்றி ஒரு பட்டை சுரண்டப்படாமல் நின்றுவிடும். அதைக் கைக்கருவியால் உடைத்து எடுக்க வேண்டும். அது யார் வேலை என்று எழுதாமல் விட்டால் அன்று மாலை அதுவே சண்டையாகும்.

பாதைக்குக் கீழே எரிவாயுக் குழாய், குடிநீர்க் குழாய், மின்கம்பி, தோட்டத்துக்குப் போகும் சொட்டுநீர்க் குழாய் எது போகிறது, எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று அந்தந்தத் துறையிடம் கேட்டு அடையாளம் இட்டுவிடுங்கள். 40 மில்லிமீட்டர்தானே என்று அலட்சியம் வேண்டாம். அடித்தளத்தைத் தோண்ட நேரும் இடங்களில் ஆழம் கூடும். பிற்காலத்தில் யாரோ மேலாகப் பதித்துவிட்டுப் போன கம்பிகளும் இருக்கும். தெரு முனையை ஒட்டிய பகுதி பல ஊர்களில் உள்ளாட்சிக்குச் சொந்தம் என்பதால், அங்கே கை வைக்க அனுமதி தேவையா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தூசியும் பழைய பூச்சும்

இந்தப் பகுதியைப் பெரும்பாலோர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. தார்க்கலவையில் பெரும்பங்கு கல் என்று சொன்னேன். கல்லைப் பொடித்தால் சிலிக்கா கலந்த நுண்தூசி கிளம்பும். அது நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் பீய்ச்சாமல் உலர்ந்த தரையைச் சுரண்ட யாராவது தொடங்கினால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். வேலை செய்பவர்களின் மூச்சுக்காகவும் இதைச் சொல்ல வேண்டும். அன்று சன்னல்களை மூடி வையுங்கள்.

தமிழில் நாம் எல்லாவற்றையும் தார் என்கிறோம். ஆனால் பாதையில் கல்லை ஒட்டும் பிடுமன் பெட்ரோலிய எண்ணெயிலிருந்து வருவது. நிலக்கரியிலிருந்து வடிக்கும் தார் வேறு பொருள். அந்த நிலக்கரித் தாரைக் கலந்து செய்த மேற்பூச்சுகளைச் சில நாடுகளில் வீட்டுப் பாதைகளின் மேல் பூசியிருக்கிறார்கள். அவற்றில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள்கள் அதிக அளவில் இருப்பதால், அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் 2006-இல் அவற்றைத் தடை செய்தது. பிறகு வேறு பல இடங்களிலும் தடை வந்தது. உங்கள் பாதையில் அப்படிப்பட்ட பூச்சு இருக்கக்கூடும் என்றால், சுரண்டுவதற்கு முன்பே ஒப்பந்ததாரரிடம் சொல்லிவிடுங்கள். அந்தத் துகளைத் தோட்டத்தில் கொட்டவே கூடாது.

சுரண்டிய துகள் யாருக்கு

5 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம் என்றால் 60 சதுர மீட்டர். 40 மில்லிமீட்டர் ஆழத்துக்கு 2.4 கன மீட்டர். ஒரு கன மீட்டர் தார்க்கலவை ஏறத்தாழ 2.3 டன் எடை உள்ளது. ஆகவே ஐந்தரை டன் துகள் சேரும். அதை வாசலில் குவித்துவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?

இந்தத் துகளுக்கு மதிப்பு இருக்கிறது. கலவை ஆலைகள் இதை வாங்கிப் புதுக்கலவையில் சேர்க்கின்றன. பூச்சுப் பிரச்சினை இல்லாத துகளைக் கொல்லைப் பக்கப் பாதையில் பரப்பி அழுத்தினால் சரளையைவிட நன்றாகக் கெட்டிப்படும். ஆகையால் எடுத்துச் செல்வது யார், எடுத்துச் செல்லக் கூலி தனியா, துகளின் மதிப்பை விலையில் கழித்திருக்கிறார்களா என்ற மூன்று கேள்விகளையும் முன்னதாகவே கேளுங்கள்.

சுரண்டிய நாளும் தார் போடும் நாளும்

இரண்டுக்கும் நடுவே நாள்கள் போவது பெரும் தவறு. சுரண்டிய பாதை தோலுரிந்த கை போன்றது. மெலிந்த தார், திறந்த விரிசல்கள், வரிவரியாகத் தண்ணீரைத் தேக்கும் பள்ளங்கள். அதன் மேல் கார் ஓடினால் விளிம்புகள் உதிரும். மழை பெய்தால் தண்ணீர் நேரே அடித்தளத்துக்கு இறங்கும். மறுநாளே தார் போட ஏற்பாடு இருக்கிறதா, கலவை ஆலையிலிருந்து அந்த நாளுக்குக் கலவை உறுதியாகியிருக்கிறதா என்று கேட்டுவிட்டே சுரண்ட அனுமதியுங்கள். வானிலையையும் பாருங்கள். தரை 10 டிகிரி செல்சியசுக்கும் கீழே குளிர்ந்திருந்தாலோ ஈரமாக இருந்தாலோ தார் போடுவது நல்லதில்லை. ஆலையிலிருந்து சுமார் 150 டிகிரியில் புறப்படும் கலவை ஏறத்தாழ 80 டிகிரிக்கு ஆறுவதற்குள் ரோலர் தன் வேலையை முடித்தாக வேண்டும். மெல்லிய அடுக்கு மிக விரைவாக ஆறிவிடும். குளிர்ந்த தரை அதை இன்னும் விரைவுபடுத்தும். ஆறிய கலவையை எத்தனை முறை உருட்டினாலும் அது இறுகாது. இறுகாத கலவைக்குள் தண்ணீர் புகுந்துவிடும்.

புதுக்கலவை விழுவதற்கு முன் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். ஒன்று, வரிகளுக்குள் ஒட்டியிருக்கும் தூளைக் கூட்டி, காற்றடித்து முழுவதும் அகற்றுவது. நீங்களே குனிந்து உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கை சாம்பல் நிறமானால் இன்னும் கூட்ட வேண்டும். மற்றொன்று, பழைய தாரையும் புதுத் தாரையும் ஒட்ட வைக்கும் பூச்சு. பிடுமனைத் தண்ணீரில் கலந்த பால்போன்ற இந்தக் கரைசல் தெளிக்கும்போது பழுப்பு நிறத்தில் இருக்கும். தண்ணீர் பிரிந்து போகப் போகக் கறுப்பாகும். கறுப்பான பிறகுதான் கலவையைக் கொட்ட வேண்டும். பழுப்பாக இருக்கும்போதே கொட்டினால் ஒட்டாது. நான் அன்று நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த நிறமாற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையின் மேல் ஒரு நிழல் மெல்ல நகர்வது போல ஓரத்திலிருந்து நடுவுக்குக் கறுப்பு பரவியது. இந்தப் பூச்சைத் தவிர்த்துச் செலவை மிச்சப்படுத்துபவர்கள் உண்டு. வேலை முடிந்த பிறகு பார்த்தால் வித்தியாசமே தெரியாது. சில மாதம் கழித்து, காரைத் திருப்பும் இடத்தில் புது அடுக்கு வழுக்கி மடிப்பு விழும்போதுதான் தெரியும்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

கொட்டேஷனில் "50 மில்லிமீட்டர் தார்" என்று எழுதியிருந்தால் அது போதாது. கொட்டும்போதா, அழுத்திய பிறகா? ரோலர் ஓடியதும் கலவை கணிசமாக அமுங்கும். அழுத்திய பின் 50 மில்லிமீட்டர் நிற்க வேண்டுமானால் கொட்டும்போது 62 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்க வேண்டும். கொட்டும்போது 50 என்று கணக்கிட்டால் உங்களுக்குக் கிடைப்பது 40. அழுத்திய பின் என்ற இரண்டு சொற்களை எழுதச் சொல்லுங்கள். கலவையிலுள்ள பெரிய கல்லின் அளவையும் கேளுங்கள். அடுக்கின் தடிமன் அந்தக் கல்லைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும், 12.5 மில்லிமீட்டர் கல் போட்ட கலவையை 25 மில்லிமீட்டரில் பரப்பினால் கற்கள் ஒன்றின் மேல் ஒன்று சிக்கி, இறுகாமல், இழுபட்டுப் போகும்.

சுரண்டும் ஆழம் இடவாரியாக, கைக்கருவி வேலை, பிளவு அடைப்பு, ஒட்டுப் பூச்சு, துகள் அகற்றுதல், வாட்டம், வேலைக்கான உத்தரவாதம் எல்லாம் அதே தாளில் வந்துவிட வேண்டும். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். பக்கத்தில் வேலை செய்தோம், கலவை மிஞ்சிவிட்டது, பாதி விலைக்குப் போட்டுத் தருகிறோம் என்று கதவைத் தட்டுபவர்கள் பல நாடுகளில் உண்டு. கலவை சூடாக இருக்கும் சில மணி நேரத்துக்குள் தடிமன் பார்த்து, அளந்து, துப்புரவாக்கி, ஒட்டுப் பூச்சும் பூசி அவர்களால் எப்படி வேலை செய்ய முடியும்? அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் சில நாள்கள்

புதுத் தார் நடக்கத் தகுந்ததாகச் சில மணி நேரத்தில் ஆகிவிடும். காரை ஏற்றுவதற்கு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். கடும் வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் புதுத் தாரில் சுழி விழும். கார் மெதுவாக நகரும்போது திருப்புங்கள். ஜாக்கி, ஏணி, இரும்புக் கால் நாற்காலி போன்றவற்றை வைக்கும்போது அடியில் ஒரு பலகை போடுங்கள். மேற்பூச்சு பூச அவசரம் வேண்டாம். புதுத் தாரிலுள்ள எண்ணெய்ப் பதம் கொஞ்சம் அடங்க வேண்டும். 6 முதல் 12 மாதம் கழித்துப் பூசுவது வழக்கம்.

முதல் மழை வரும்போது மறுபடியும் சாக்குக்கட்டியோடு இறங்குங்கள். எங்கள் பாதையில் இரண்டாம் முறை வேலை முடிந்து ஒன்பதாம் நாள் மழை வந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு ஷெட் வாசலில் நின்றேன். தண்ணீர் கதவு விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே திரும்பி, பாதையின் இடது ஓரமாகத் தெருவை நோக்கி ஓடியது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேக்கம் நின்றது. அதைச் சுற்றிக் கோடு போட்டு அளந்தேன்: 2 மில்லிமீட்டர். விட்டுவிட்டேன்.